குரலை அழித்த தயாரிப்பாளர்

ராணி வாயைத் திறந்தார். திரையில் அவருடைய முகம் நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது. மைக்கின் முன்னால் நின்ற ராணியிடமிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் முதலில் மைக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஒலிப்பதிவாளர் சிவராமன் எழுந்து போய் வயரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினான். படத்தின் இயக்குநர் கோகுல்நாத், "அக்கா, ஒன் டூ த்ரீ சொல்லு" என்றான். ராணி சொன்னார். காய்ந்த சருகை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதில் எது ஒன், எது த்ரீ என்று பிரிக்க முடியவில்லை.

அவர் கையை அசைத்து எல்லோரையும் நிறுத்தினார். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த முந்தானையை விலக்கினார். அடித்தொண்டையில் ஒரு விரல் நீளத்துக்குப் புதுத் தழும்பு.

எல்லோரும் அறைக்குள் ஓடினார்கள். மூச்சோடு மூச்சாக அவர் சொன்னதைக் காதைக் கிட்டக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "கட்டி கீதுன்னாங்க. எடுத்தாச்சு. ஆறு வாரம் ஆவுது. கொரல் வரும், வராமயும் போவும்னு மொதல்லயே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. மைக்குல வெச்சா பெருசா கேக்கும்னு நெனச்சேன்மா."

கூட வந்திருந்த மகள் ரோஷினி, "நரம்பு சரியாவ வருசம்கூட ஆவலாம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லாதன்னு என் வாய அடைச்சி வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

தயாரிப்பாளர் ஷர்மிளா அப்போது பதறவில்லை. ராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பு முக்கியம்க்கா. ஸ்பாட்ல உங்க ஜாக்கெட்ல குட்டி மைக் மாட்டி எடுத்தோமே, அந்தக் குரல் இருக்கு. அதையே வெச்சுக்கலாம். நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

சிவராமன் தலை நிமிராமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுருட்டிய வயர்.

ராணியையும் ரோஷினியையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பியதும் அவன் படிக்கட்டிலேயே நின்றான்.

"ஷர்மி, அது இல்ல."

"எது இல்ல?"

"ராணிக்கா மைக்குல எடுத்தது எதுவுமே இல்ல. ஒவ்வொரு ஷெட்யூல் முடிஞ்சதும் நீதான் அழிக்கச் சொன்ன. அவங்க கையாலயே அழிச்சோம். நீ பக்கத்துல நின்னு கைதட்டின."

ராணியைத் தேற்றும் அவசரத்தில் அதை மறந்தே போயிருந்த ஷர்மிளா படியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது திரும்பி முடித்து, நேராகி, போயே போய்விட்டது.

படம் எடுக்கிற எவரும் செய்யாத காரியம் இது. அவள் அதை ஏன் செய்தாள் என்பதற்கு எட்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஷர்மிளா ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா பார்த்தசாரதி அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்கு வந்து, பீரங்கி வண்டிக்கு கியர்பாக்ஸ் பூட்டும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். கோகுல்நாத்துக்கு அண்ணனூர். அவன் அப்பா மின்சார ரயில் பணிமனையில் வேலை பார்த்ததால் பையனுக்குப் பள்ளியிலேயே 'கார்ஷெட்' என்று பெயர். இருவரும் ஒரே வகுப்பு. கோகுல் ராப் எழுத ஆரம்பித்தபோது பதிவு செய்ய இடம் இல்லை. ஷர்மிளா வீட்டு இரும்பு பீரோவைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, போனில் பேசிப் பதிவு செய்தான். எதிரொலி இல்லாமல் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பார்த்தசாரதி, பீரோவுக்கு வெளியே இரண்டு கால் மட்டும் ஆடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்.

"என்னட்டி இது?"

"பாட்டுப்பா. கம்பெனி ஆரம்பிக்கப் போறோம்."

"பாட்டா? பேசிக்கிட்டுல்லா இருக்கான்."

2016இல் திருமுல்லைவாயிலில் ஒரு மாடி அறையை எடுத்து இருவரும் இசை லேபிளைத் தொடங்கினார்கள். ஷர்மிளா வளர்ந்த குடியிருப்பு வீட்டு வகைக்கு அரசாங்கம் வைத்த பெயரையே வைத்தார்கள்: டைப் டூ ரெக்கார்ட்ஸ். பீட்டும் வரியும் கோகுல். பாடகர்களைப் பிடிப்பது, ஒப்பந்தம், மேடை, போலீஸ் அனுமதி, பாட்டை இணையத்தில் ஏற்றுவது எல்லாம் ஷர்மிளா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்த்தாள். சிவராமன் மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தான். மைக் செட் கடையில் வேலை பார்த்தவன். படித்து வராத ஞானம், ஆனால் காது துல்லியம்.

இரண்டாவது வருடம் பூந்தமல்லியிலிருந்து விஷ்ணு என்று ஒரு பையன் பாட வந்தான். நல்ல கோபக்காரப் பாட்டு. பாடிப் பழகும்போது, சூடு ஏற்றிக்கொள்வதற்காக, தன் அக்கா புருஷனைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, அவர் செய்கிற தொழிலையும் சொல்லித் திட்டினான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். இறுதிப் பாட்டில் அது இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் இருந்தது. யாரோ ஒருவருடைய பென் டிரைவில் அது வெளியே போனது. மூன்றே நாளில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் போனிலெல்லாம் அது ஓடியது.

ஷர்மிளா போய்ப் பார்த்தபோது விஷ்ணுவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அக்கா ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஷர்மிளாவைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"பாட்டு எடுக்கத்தானம்மா உங்ககிட்ட வந்தான். பேசனதெல்லாம் ஏன் எடுத்து வெச்சீங்க?"

அன்றிலிருந்து லேபிளில் ஒரு வழக்கம் வந்தது. பாட்டு முடிவான அன்றே மற்றது எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். சும்மா அழித்தால் போதாது, யாராலும் மீட்க முடியாதபடி அழிக்கும் மென்பொருளைக் கொண்டு அழிக்க வேண்டும். அதையும் பாடியவரே தன் விரலால் பட்டனை அழுத்திச் செய்ய வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். முதலில் பயத்தில் தொடங்கியது, பிறகு பெருமையாகிவிட்டது. "டைப் டூல எது வோணா ஒளறலாம் மச்சான், ஒண்ணும் வெளிய போவாது" என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகாமல் இங்கே வந்தவர்கள் பலர் அந்தப் பட்டனுக்காகவே வந்தார்கள். விஷ்ணுவும் திரும்பி வந்தான்.

2022இல் ஒருநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் ஷர்மிளாவின் ஸ்கூட்டி நின்றுவிட்டது. வாசலில் நூறு பெண்கள். தையல் வரிசைக்கு இரண்டே டோக்கன், டோக்கன் இருந்தால்தான் பாத்ரூம் போகலாம் என்று நிர்வாகம் வைத்திருந்த முறைக்கு எதிராக வேலைநிறுத்தம். முன்னால் நின்ற பெண்மணி, "மனுசியா? மிஷினா?" என்று கேட்டார். ஒலிபெருக்கி இல்லை. அந்தக் குரல் சாலையைத் தாண்டி எதிர்க் கம்பெனிச் சுவரில் மோதித் திரும்பியது. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டிருந்த ஷர்மிளா நின்றுவிட்டாள். அவர்தான் ராணி. வயது ஐம்பது. அந்தக் கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் பதினைந்து வருடம்.

அன்றைக்கே அவள் கோகுலிடம் சொன்னாள்: "இவங்கள வெச்சு ஒரு படம் பண்ணணும்."

"பாட்டா?"

"படம்."

"ஷர்மி, நமக்கு கேமராவ எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூட தெரியாது."

லேபிளின் பாதி உரிமையை ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்து, வேலையையும் விட்டு, இரண்டு வருடத்தில் அவள் தயாரிப்பாளர் ஆனாள். கதை, அந்த டோக்கன் வேலைநிறுத்தம்தான். பெயர் 'ஓவர்லாக்'. கோகுல் இயக்குநர். ராணிதான் கதாநாயகி. அவர் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். நடிக்கக் கேட்டதும், "மூஞ்சி வேற ஆளுது போட்டுக்கோ, கொரல் மட்டும் நான் தரேன்" என்றார். ஷர்மிளா, "உங்க குரல் இல்லன்னா இந்தப் படமே இல்லக்கா" என்று வாக்குக் கொடுத்தாள்.

கூட நடித்த பெண்கள் எல்லோருமே உண்மையில் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். ஜாக்கெட்டில் மைக் மாட்டியிருப்பதை மறந்துவிட்டு, ஷாட்டுக்கு ஷாட் நடுவே சூப்பர்வைசர்களைப் பெயர் சொல்லிக் கிழித்தார்கள். ஷர்மிளாவுக்கு விஷ்ணுவின் மாவுக்கட்டு கண்ணில் வந்தது. இது வெளியே போனால் இவர்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். லேபிளின் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாள். ஒவ்வொரு ஷெட்யூல் முடிவிலும் மைக்கில் பதிந்தது அனைத்தும் அழிக்கப்படும். எல்லோர் சார்பிலும் ராணி பட்டனை அழுத்துவார். தமிழ்ப் படத்தில் எப்படியும் பின்னால் டப்பிங் பேசத்தானே போகிறோம், உதட்டுக்கு வழிகாட்ட கேமராவிலேயே பதிகிற சத்தம் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். பெண்கள் பயமில்லாமல் நடித்தார்கள். ராணி ஒவ்வொரு முறையும் பட்டனைச் சாமி கும்பிடுகிற மாதிரி தொட்டு அழுத்தினார்.

அந்த ராணி குரலில்லாமல் ஆட்டோவில் ஏறிப் போன மறுநாள், தயாரிப்பு நிர்வாகி சுப்பராயனுக்கு விஷயம் தெரிந்தது. கோடம்பாக்கத்தில் முப்பது வருடம் பார்த்தவர். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார்.

"நெகட்டிவ் எரிஞ்சு பாத்திருக்கேன். ஹீரோ பாதியில ஓடிப் பாத்திருக்கேன். ப்ரொட்யூசரே நின்னு சவுண்ட அழிச்சு, அதுக்குக் கைதட்டி... என்னம்மா இது?"

கேமராவில் பதிந்திருந்ததைப் போட்டுக் கேட்டார்கள். தூரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. ராணியின் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும், வசனத்தை எடுத்துக் கொடுத்த கோகுலின் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது. படத்திலேயே உயிரான காட்சி ஒன்று உண்டு. வேலைநிறுத்தத்தின் நடுவில் ஒரு பெண் கேட்டைத் தாண்டி வேலைக்கு உள்ளே போகிறாள். ராணி அவளைப் பார்த்துப் பேசுகிறார். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு ராணி தானாகவே பேசிய இடம் அது. அங்கே கோகுல் சந்தோஷத்தில், "அப்டியே! அப்டியேக்கா! போ!" என்று கத்திய கத்தல்தான் பதிந்திருந்தது. அவனுடைய குரலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ராணி என்ன சொன்னார் என்பது மட்டும் தட்டுத்தடுமாறிப் புரிந்தது. வார்த்தைகளைத் தாளில் எழுதிக்கொள்ள முடிந்தது. குரலை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

படத்தை வெளியீட்டுக்குக் கொடுக்க வேண்டிய தேதிக்கு ஏழு வாரம் இருந்தது. வேறொரு தொழில்முறைக் கலைஞரைப் பேசவைக்கலாம் என்றார் சுப்பராயன். ஷர்மிளா முடியாது என்று தலையாட்டினாள். நான்காம் நாள் கோகுல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வேலைநிறுத்தத்தின்போது யாரோ போனில் எடுத்த வீடியோக்களை ஏ.ஐ.க்குக் கொடுத்து, ராணி குரலில் ஒரு காட்சியைப் பேசவைத்திருந்தான். அது ராணிதான். இம்மி பிசகவில்லை. ராணியைக் கேட்காமல் வைக்கக் கூடாது என்று அவர் வீட்டுக்கே போனார்கள்.

ரோஷினி பாதியிலேயே, "ஐயோ, அம்மாவே பேசற மாதிரி கீதே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ராணி மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை கேட்டார். முகம் வெளிறிப்போனது.

"இது எங்க மூச்சு வுட்டுச்சு?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இவ்ளோ நேரம் கத்துதே, ஒரு எடத்துலயாவது மூச்சு வாங்குச்சா? நான் 'மனுசியா'ன்னு கேட்டா, அடுத்தத கேக்க ஒரு இழுப்பு இழுப்பேன். அது இல்லாம யாருப்பா கத்துவா? செத்தவ பேசற மாதிரி கீது. வேணாம், எடு."

கோகுல் லேப்டாப்பை மூடினான். ராணி, கிசுகிசுப்பாகவே, "கோமளாவக் கூப்டு" என்றார்.

ரோஷினி நிமிர்ந்தாள். "அம்மா! அவங்ககூட நீ பேசியே மூணு வருசம் ஆச்சே."

"என் மூச்சு எங்க ஏறும், எங்க எறங்கும்னு அவளுக்குத்தான் தெரியும். கூப்டு."

கோமளா பழைய கம்பெனியில் ராணிக்குப் பக்கத்து மிஷினில் பதினோரு வருடம் உட்கார்ந்தவர். வாசல் கூட்டங்களில் ராணி கோஷம் போட்டால் முதல் பதில் கோமளாவுடையதுதான். ஏன் பேச்சு நின்றது என்று ஷர்மிளா ரோஷினியிடம் கேட்டாள். தனக்குத் தெரியாது, கேட்டால் அம்மா எழுந்து போய்விடுவார் என்றாள். ஷர்மிளா திருமழிசைக்குப் போய் கோமளாவைக் கண்டுபிடித்தாள். அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஈரத்துணியை மறுபடி வாளியிலேயே போட்டார்.

"ராணிக்காவா கூப்ட்டாங்க? எம் பேரச் சொல்லியா?"

"ஆமாக்கா."

"நீங்களா கூப்டலியே? அவங்க வாயால சொன்னாங்களா?"

"அவங்க வாயாலதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வார விடுமுறையில், கோமளா வந்தார். ராணி சிவராமனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருவரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வணக்கம் கிடையாது, சிரிப்பு கிடையாது. கோமளா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

முதல் காட்சியிலேயே சிவராமன் ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்தான். டப்பிங் பேசிப் பழகாத ஒருவர் உதட்டைப் பார்த்துத் தடுமாறுவார். கோமளா உதட்டைப் பார்க்கவே இல்லை. திரையில் ராணியின் தோள் எப்போது உயர்கிறது என்று பார்த்தார். தோள் உயரும்போது தானும் இழுத்தார். அது இறங்கும்போது பேசினார். குரல் ராணியுடையது அல்ல. கொஞ்சம் மெல்லியது, மூக்கு கலந்தது. ஆனால் திரையில் இருந்த உடம்பிலிருந்துதான் அது வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுப்பராயன் சத்தம் போடாமல் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். மதியத்துக்குள் பாதிப் படம் முடிந்தது.

பிறகு கேட் காட்சி வந்தது. கோகுல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கோமளா மனதுக்குள் படித்தார். ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"பதினோரு வருசம்னு கீதே. இத யாரு எழுதனது?"

கோகுல் பெருமையாகச் சிரித்தான். "நான் எழுதலக்கா. ராணிக்கா ஸ்பாட்ல அவங்களா வுட்டாங்க. நாங்க எல்லாம் அப்டியே ஆடிப் போயிட்டோம்."

கோமளா கண்ணாடிக்கு அருகில் வந்தார். மைக் திறந்திருந்ததால் அவர் பேசியது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"உள்ள போற அந்தப் பொம்பள நாந்தான?"

கோகுலின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ராணி பார்வையை எடுக்கவில்லை.

"ஒம்பதாவது நாளு. நான் கேட்டாண்ட வந்தப்ப நீ ஒரு வார்த்த பேசலியேக்கா. திட்டுவ, அடிப்ப, கையப் புடிச்சி இழுப்பன்னு ஒரு நிமிசம் அங்கயே நின்னேன். நீ பாத்துகினே நின்ன. அப்பறந்தான் நான் உள்ள போனேன். இத அன்னிக்கி சொல்லிருக்கலாமே. இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிகீற. எங்கிட்டதான் சொல்லல."

படத்தின் உச்சம் என்று ஷர்மிளா விற்றுக்கொண்டிருந்த காட்சி அது. அது வசனமே அல்ல. வருடக்கணக்கில் தொண்டையில் வைத்திருந்ததை ராணி ஒரே ஒரு முறை வெளியே விட்டிருக்கிறார். அதைத்தான் அவரையே அழிக்கவைத்து, இவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். இப்போது அதை, அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அவர் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறார்கள்.

அவள் எழுந்து, உள்ளறைக்குக் கேட்கும்படி பேசுவதற்கான பட்டனை அழுத்தினாள். "கோமளாக்கா, நீங்க இத பேச வேணாம். இந்த வரியையே தூக்கிடலாம். படம் போனாலும் பரவால்ல, வெளிய வாங்க."

ராணி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. "பேசட்டும்" என்றார்.

"அக்கா, இது சரியில்ல."

"அவளக் கேளு."

கோமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி மைக்குக்கு முன்னால் போய், "போடுப்பா" என்றார்.

திரையில் ராணியின் தோள் உயர்ந்தது. கோமளா பேசினார்.

"போ. உள்ள போ. உன்னத் திட்ட மாட்டேன். ஆனா இனிமே எம் பக்கத்துல உக்காந்து டப்பாவத் தொறக்காத. பதினோரு வருசம் ஒண்ணாத் துன்னது போதும்."

கடைசி வார்த்தைகள் அமுங்கிப் போயின. ராணி முன்னால் சாய்ந்து பட்டனை அழுத்தினார். அந்தச் சருகுக் குரலில், "இன்னொரு தபா" என்றார்.

இரண்டாவது முறை கோமளாவின் குரல் பாதியில் உடைந்தது. சுப்பராயன், "போதும்மா, யாராவது நிறுத்துங்களேன்" என்று முணுமுணுத்தார். ராணி மறுபடியும், "இன்னொரு தபா" என்றார்.

மூன்றாவது முறை கோமளா இழுத்த மூச்சு ஸ்பீக்கரில் காற்றடித்தது போலக் கேட்டது. கத்தினார். கண்ணாடி அதிர்ந்தது என்று சிவராமன் இப்போதும் சொல்வான். உதடு, மூச்சு, தோள் எல்லாம் அச்சாகப் பொருந்தின.

ராணியின் விரல் மறுபடியும் பட்டனுக்குப் போனது. எல்லோரும் அடுத்த 'தபா'வுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஏண்டி போன?" என்றார் ராணி.

கோமளா முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஷர்மிளா சிவராமனின் தோளைத் தட்டினாள். அவன் பதிவை நிறுத்தினான். நான்கு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். ராணி கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போவதை மட்டும், கதவு மூடுவதற்குள் பார்த்தார்கள்.

வராந்தாவில் வெகுநேரம் நின்றார்கள். "அப்டியே அப்டியேன்னு கத்திகினு இருந்தனே ஷர்மி" என்று கோகுல் திரும்பத் திரும்பச் சொன்னான். ஷர்மிளாவால் அவனைத் தேற்றவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. சுப்பராயன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே சத்தம் வராதபடி அவர்களே கட்டிய அறை அது.

முக்கால் மணி நேரம் கழித்து ராணி கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது.

"அவளுக்கு டீ வோணுமாம். ஸ்ட்ராங்கா." பிறகு சிவராமனிடம், "மூணாவது வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுக்கா. நல்லா வந்துச்சு."

"அப்ப அத்த வெச்சுக்க." ஷர்மிளாவைப் பார்த்தார். "எம் பேரு எவ்ளோ பெருசா போடறியோ, அவ பேரும் அவ்ளோ பெருசா போடணும். ஓரத்துல பொடியா போட்டா நான் சும்மா வுட மாட்டேன்."

"சரிக்கா."

ராணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோகுல் டீ வாங்க ஓடினான். கோமளா அன்று ஏன் உள்ளே போனார் என்பது அந்த அறையில் இருந்த இருவருக்கு மட்டுமே தெரியும். மீதி ரீல்களை அன்று மாலைக்குள் கோமளா பேசி முடித்தார். திருமழிசைக்குப் பஸ் ஏற்றிவிட ஷர்மிளா ஸ்கூட்டியை எடுத்தபோது, ராணி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே கோமளாவோடு நடந்து போனார்.